அடுத்த பிள்ளைக்கும் வருமா? தலசீமியா பிள்ளையின் பெற்றோர் கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

கேமரன் மலை: மூத்த பிள்ளைக்குத் தலசீமியா. அடுத்த பிள்ளைக்கும் வருமா? பரம்பரை இரத்த நோயுள்ள பிள்ளையை வளர்க்கும் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி எழும். சிலர் மருத்துவரிடம் கேட்கிறார்கள். சிலர் மாமியாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கேட்கிறார்கள். சிலர் சாதகத்தை எடுத்துக்கொண்டு சோதிடரைத் தேடிப் போகிறார்கள். யாரிடமும் கேட்காமல் மனத்திலேயே வைத்துக்கொண்டு, மாதவிடாய் தள்ளிப்போன பிறகு பதறுவோரும் உண்டு.

இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் தெளிவான விடை இருக்கிறது. ஆனால் அந்த விடை பயன்பட வேண்டுமானால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அதைக் கேட்டிருக்க வேண்டும். நான்காவது ஐந்தாவது மாதத்தில் கேட்டால், பெற்றோர் முன் இருந்த வழிகளில் பாதி அடைபட்டிருக்கும்.

கேமரன் மலைத் தமிழர்களுக்கு இது இன்னும் முக்கியம். போ தேயிலைத் தோட்டம் 1929லும் பாரத் தோட்டம் 1933லும் தொடங்கப்பட்டவை. மூன்று நான்கு தலைமுறையாக இந்த மலையிலேயே பிறந்து, கொழுந்து பறித்து, ஒருவருக்கொருவர் சம்பந்தியான குடும்பங்கள் இங்கே உண்டு. மாவட்டத்தின் அரசாங்க மருத்துவமனை தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை. சிறப்புச் சிகிச்சை என்று வந்தால் மலையிறங்கி ஈப்போவுக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டிவரும். கடைசி நேரத்தில் ஓடி முடிக்கக்கூடிய காரியம் இல்லை என்பதால், முன்கூட்டியே திட்டமிடுவது இங்கே இன்னும் அவசியமாகிறது.

நோய் எப்படி வருகிறது?

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் உடலெங்கும் பிராணவாயுவைக் கொண்டு செல்கிறது. அதைச் செய்வதற்கான மரபணுவில் ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் பிள்ளைக்கு வருகிறது. பேட்டா தலசீமியாவில் இந்த மரபணு பழுதாகியிருக்கும்.

ஒன்று மட்டும் பழுதாகி மற்றது நன்றாக இருந்தால், அவர் நோயாளி இல்லை. மருத்துவமனையில் அவரைக் ‘கேரியர்’ என்பார்கள். மலாய் மொழியில் ‘பெம்பாவா’. தமிழில் ‘சுமப்பவர்’ எனலாம். சுமப்பவர் எல்லாரையும் போலக் கூடை சுமந்து மலை ஏறலாம், ஓடலாம், நூறு வயது வாழலாம். தம்மிடம் இந்த மரபணு இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

இரண்டும் பழுதாகி இருந்தால்தான் நோய். பேட்டா தலசீமியா மேஜர் உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். முதல் இரண்டு வயதுக்குள் வெளிறிப் போகும், பால் குடிக்காது, வளராது, வயிறு வீங்கும். அதன்பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு இரும்புச் சத்தும் உடலில் சேர்ந்து இருதயத்தையும் கல்லீரலையும் சுரப்பிகளையும் கெடுக்கும். அதை வெளியேற்ற மருந்து வேண்டும். முன்பு டெஸ்ஃபெரால் மருந்தைச் சிறு பம்பு வழியாக, இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து ஆறு நாள் தோலுக்கடியில் செலுத்துவது ஒன்றே வழி. இப்போது வாய்வழி மருந்துகளும் வந்துவிட்டன. ஒழுங்காகச் சிகிச்சை பெறும் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், திருமணம் செய்து வாழ்கிறார்கள்.

நான்கில் ஒன்று என்றால் என்ன?

தாயும் தந்தையும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோரைப் போலச் சுமப்பவராகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. பழுதே இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

பல குடும்பங்கள் கணக்கில் தவறுவது இங்கேதான். “நான்கில் ஒன்று என்றார் டாக்டர். அந்த ஒன்று வந்துவிட்டது. இனி வரும் மூன்றும் நன்றாக இருக்கும்” என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பூவா தலையா போடும்போது முதலில் தலை விழுந்ததால் அடுத்தது பூ என்று நிச்சயம் சொல்ல முடியுமா? நாணயத்துக்குப் பழைய விழுதல் நினைவிருக்காது. அதுபோலத்தான் கர்ப்பமும். இரண்டாவது பிள்ளைக்கும் நான்கில் ஒன்று. மூன்றாவதற்கும் அதே நான்கில் ஒன்று.

ஒரு கர்ப்பத்துக்கு நோய் வராமலிருக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. ஆனால் இப்படிப்பட்ட தம்பதியருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தால், மூவருமே நோயின்றி இருக்கும் வாய்ப்பு 42 விழுக்காடுதான். ஒரு பிள்ளைக்காவது நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு. இரண்டு பிள்ளைகளுக்கு நோய் உள்ள குடும்பங்களும், நான்கு பிள்ளைகள் இருந்தும் ஒருவருக்கும் வராத குடும்பங்களும் இருப்பது இதனால்தான். முன்னது பாவமும் இல்லை, பின்னது புண்ணியமும் இல்லை.

யார் குற்றம்?

நோயுள்ள பிள்ளை பிறந்தால் முதல் பேச்சு மருமகள் மீது விழுவது வழக்கம். “எங்கள் குடும்பத்தில் இப்படி யாருக்கும் இல்லை” என்ற ஒரு வாக்கியத்தில் பழி முழுவதும் அவள் தலையில் ஏறிவிடும். தலசீமியாவில் இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. பேட்டா தலசீமியா மேஜர் உள்ள பிள்ளை பிறக்கிறது என்றால், பழுதான மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. தாய் வீட்டுக்கும் தந்தை வீட்டுக்கும் சரிபாதிப் பங்கு. குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாமலிருந்ததற்குக் காரணம், சுமப்பவர் இன்னொரு சுமப்பவரைத் திருமணம் செய்யும் சந்தர்ப்பம் அதுவரை வாய்க்கவில்லை என்பதே.

இந்த மரபணு உலகில் பரவிக் கிடப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. மலேரியா கொள்ளை கொண்ட நாடுகளில், ஒரு மரபணு மட்டும் பழுதானவர்கள் அக்காய்ச்சலைத் தாங்கிப் பிழைத்தார்கள். அதனால்தான் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இது அதிகம். முன்னோரைக் காப்பாற்றிய ஒன்றுதான் இரண்டாகச் சேரும்போது பிள்ளைக்கு நோயாகிறது.

தமிழருக்கும் வருமா?

மலேசியாவில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர். நாட்டின் தலசீமியா நோயாளிகளில் பெரும்பான்மையோர் மலாய்க்காரர்களும் சபா மாநிலத்தவரும் சீனர்களுமே. இந்தியர்களின் பங்கு மிகச் சிறியது. அதனாலேயே “இது நம்மவர்களுக்கு வருகிற நோய் இல்லை” என்ற எண்ணம் தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கிறது. எண்ணிக்கை சிறியது என்பது உண்மை; வராது என்பது உண்மை இல்லை. இந்தியாவில் 100 பேரில் மூன்று நான்கு பேர் பேட்டா தலசீமியா மரபணுவைச் சுமக்கிறார்கள். அதே வேர்தான் இங்கேயும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மலாய்க்காரர்களிடமும் பூர்வக்குடியினரிடமும் ஹீமோகுளோபின் ஈ எனும் வேறொரு மாற்றம் பரவலாக உண்டு. தனியாக இருக்கும்போது அது தொல்லை தராது. ஆனால் தந்தையிடமிருந்து பேட்டா தலசீமியாவும் தாயிடமிருந்து ஹீமோகுளோபின் ஈயும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்தால் அதுவும் தலசீமியா நோய்தான். சில பிள்ளைகளுக்கு இலேசாகவும் சில பிள்ளைகளுக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றும் அளவுக்குக் கடுமையாகவும் இருக்கும். ஆகவே கலப்புத் திருமணம் செய்த குடும்பங்களும் சோதனையிலிருந்து விலகி நிற்க முடியாது.

அரிவாள் செல் சோகை இதே வகையைச் சேர்ந்த வேறொரு பரம்பரை நோய். மற்றொரு தேயிலை மலையான நீலகிரியில், பழங்குடி மக்களிடம் இந்த மரபணு இருப்பதை 1952ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் சிலரிடமும் இது இருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இதற்கும் நான்கில் ஒன்று என்ற அதே கணக்குதான்.

இரும்பு மாத்திரைக்குள் மறைந்துபோவது

தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தச் சோகை என்பது பழகிப்போன சொல். கிளினிக்கில் இரும்பு மாத்திரை தருவார்கள். தாய்மார்களும் வாங்கி வருவார்கள். தலசீமியா சுமப்பவருக்கும் சிவப்பணு சிறியதாகவும் வெளிறியதாகவும் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரும்புச் சத்துக் குறைவு போலவே தெரியும். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு: இரும்புக் குறைவால் வந்த சோகை மாத்திரையில் சரியாகும், மரபணுவால் வந்த சிறிய சிவப்பணு எத்தனை மாதம் மாத்திரை சாப்பிட்டாலும் மாறாது.

பல மாதம் மாத்திரை எடுத்தும் இரத்தம் ஏறவில்லை என்றால், “எனக்குத் தலசீமியா சோதனை செய்தீர்களா?” என்று மருத்துவரைக் கேட்பது தாயின் உரிமை. அதற்காகக் கர்ப்பிணிகள் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சுமப்பவருக்கும் இரும்புக் குறைவு இருக்கலாம். எது என்பதைச் சோதனைதான் சொல்லும்.

சோதனையும் நாட்காட்டியும்

முதல் கட்டம் சாதாரண முழு இரத்தச் சோதனை. சிவப்பணுவின் அளவும் அதிலுள்ள ஹீமோகுளோபினின் அளவும் குறைந்திருந்தால், அடுத்து ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை. பேட்டா தலசீமியா சுமப்பவர்களிடம் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். மூன்றாவது கட்டம் டிஎன்ஏ சோதனை. எந்த இடத்தில் எந்த மாற்றம் என்பதை அதுவே துல்லியமாகச் சொல்லும். ஆல்ஃபா தலசீமியா வகையை உறுதிப்படுத்தப் பெரும்பாலும் டிஎன்ஏ சோதனைதான் தேவைப்படும்.

நோயுள்ள பிள்ளை ஏற்கனவே இருக்கும் வீட்டில், கணவன், மனைவி, பிள்ளை மூவரின் டிஎன்ஏ முடிவும் கையில் இருக்க வேண்டும். ஏன் என்றால், கர்ப்பத்தில் இருக்கும் சிசுவைச் சோதிக்கும்போது எந்த மாற்றத்தைத் தேட வேண்டும் என்று ஆய்வுக்கூடத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்த முடிவுகள் வர வாரக்கணக்கில் ஆகும்.

இப்போது கர்ப்பத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து மிகச் சிறிய அளவு திசுவை ஊசியால் எடுத்துச் சோதிக்கலாம். அது தவறினால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குடத்து நீரை எடுத்துச் சோதிக்கலாம். இரண்டிலும் கருச்சிதைவுக்குச் சிறிய அபாயம் உண்டு என்பதால், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டார்கள். எல்லா மருத்துவமனையிலும் செய்வதும் இல்லை; தாய்–சேய் சிறப்பு மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு தாய் மூன்றாம் மாதம் முடிந்து முதன்முறையாகக் கிளினிக்குக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றுதான் கணவரின் இரத்தமும் எடுக்கப்படுகிறது. முடிவு வந்து, மேல் சிகிச்சைக்குக் கடிதம் கிடைத்து, தேதி குறித்து, மலையிறங்கிப் போவதற்குள் ஐந்து மாதம் ஆகிவிடும். அதே தாய் கர்ப்பத்துக்கு ஆறு மாதம் முன்பு இந்த வேலைகளை முடித்திருந்தால், கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே நேராக ஏற்பாடுகளைத் தொடங்கியிருக்கலாம். இரண்டு தாய்மாருக்கும் அன்பில் வேறுபாடு இல்லை. வேறுபாடு ஆறு மாதம்தான்.

அதனால்தான் மருத்துவர்கள் ஒரு வரிசையைச் சொல்கிறார்கள்: முதலில் சோதனை, பிறகு ஆலோசனை, அதன்பின் கர்ப்பம். அதுவரை கருத்தடை. மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, கையில் வைக்கும் சிறு குச்சி, கருப்பையில் வைக்கும் சாதனம், ஆணுறை என்று தற்காலிக முறைகள் பல உண்டு. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளிலும், 1966ல் தொடங்கப்பட்ட தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளிலும் குடும்பத் திட்டமிடல் சேவை கிடைக்கும்.

பெற்றோர் முன் உள்ள வழிகள்

குடும்பத் திட்டமிடல் என்றால் இனிப் பிள்ளையே வேண்டாம் என்று நிறுத்திக்கொள்வது மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். அது பல வழிகளில் ஒன்று மட்டும்.

முதலாவது, இருக்கிற பிள்ளைகள் போதும் என்று முடிவெடுப்பது. நோயுள்ள பிள்ளைக்கே நேரமும் பணமும் மனமும் வேண்டும் என்று சில பெற்றோர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படி முடிவு செய்தால் அறுவை எப்போதும் மனைவிக்குத்தான் என்று இருக்க வேண்டியதில்லை. ஆணுக்குச் செய்யும் கருத்தடை அறுவை அதைவிடச் சிறியது. பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டே செய்துவிடுவார்கள். ஆனால் பிள்ளைக்கு நோய் என்று தெரிந்த முதல் அதிர்ச்சியில் நிரந்தர அறுவைக்கு ஓட வேண்டாம். தற்காலிக முறையில் சில மாதம் இருந்து, மற்ற வழிகளையும் கேட்டு, பிறகு முடிவெடுக்கலாம்.

இரண்டாவது, இயற்கையாகக் கர்ப்பம் தரித்து, முன்சொன்ன வாரங்களில் சிசுவைச் சோதிப்பது. நான்கில் மூன்று முறை நல்ல செய்திதான் வரும். நோய் இருக்கிறது என்று தெரிந்தால், கர்ப்பத்தைத் தொடர்ந்து பிள்ளைக்கான சிகிச்சைக்கு ஆயத்தமாவதா, முடித்துக்கொள்வதா என்ற கடினமான கேள்வி வரும். மலேசியாவில் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 312ஆவது பிரிவு, கர்ப்பம் தொடர்வது தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ கூடுதல் ஆபத்து என்று பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதும்போது கர்ப்பத்தைக் கலைக்க இடம் தருகிறது. சிசுவின் நோயைத் தனிக் காரணமாக அச்சட்டம் குறிப்பிடவில்லை. தாயின் நலமே அளவுகோல். எனவே இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. தொடர்வதென்று முடிவெடுக்கும் பெற்றோரை ஏளனம் செய்வதும், முடித்துக்கொள்ளும் பெற்றோரைப் பாவிகள் என்பதும் ஒரே அளவு தவறு.

மூன்றாவது, சோதனைக்குழாய் முறையில் கருவை உருவாக்கி, நோயற்ற கருவைத் தேர்ந்து கருப்பையில் வைப்பது. கருக்கலைப்பு என்ற கேள்வியே இதில் எழாது. ஆனால் ஒரு முயற்சிக்கே பல ஆயிரம் வெள்ளி செலவாகும். முதல் முயற்சியிலேயே கர்ப்பம் தங்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

நான்காவது, தத்தெடுப்பு. முஸ்லிம் அல்லாதவர்கள் 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் முறையாகத் தத்தெடுக்கலாம்.

ஐந்தாவது, நான்கில் ஒன்று என்ற கணக்கைத் தெரிந்தே, சோதனை எதுவும் வேண்டாம் என்று அடுத்த பிள்ளையைப் பெற்றுக்கொள்வது. அதுவும் பெற்றோரின் உரிமை. அப்படிப் பிறக்கும் குழந்தையைப் பிறந்தவுடன் சோதித்தால் சிகிச்சையைக் காலத்தோடு தொடங்கலாம்.

தெரிந்துகொள்வதால் பிள்ளை ஆசை குறைந்துவிடும் என்று பயப்படுவோர் உண்டு. நடந்தது இதற்கு நேர்மாறு. லண்டனில் பெர்னடெட் மோடெல் தலைமையிலான மருத்துவர்கள் தலசீமியா குடும்பங்களைக் கவனித்து 1980ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சிசுவைச் சோதிக்கும் வசதி வருவதற்கு முன், நோயுள்ள பிள்ளையைப் பெற்ற தம்பதியர் பெரும்பாலும் அடுத்த பிள்ளை வேண்டாமென்றே இருந்துவிட்டார்கள். தவறித் தரித்த கர்ப்பங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு பயத்தினாலேயே கலைக்கப்பட்டன. சோதனை வசதி வந்ததும் அதே குடும்பங்கள் மற்றவர்களைப் போல மீண்டும் பிள்ளை பெற்றுக்கொள்ளத் தொடங்கின. தலசீமியாவுக்காகக் கலைக்கப்பட்டவை 30 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தன. பயம் கலைத்த கர்ப்பங்களில் பெரும்பாலானவை நோயற்ற பிள்ளைகளாக இருந்திருக்கும் என்பதை நான்கில் ஒன்று என்ற கணக்கே சொல்லிவிடும்.

மூத்தவனைக் காப்பாற்றத் தம்பியா?

எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் தலசீமியாவைக் குணப்படுத்த முடியும். அதற்குப் பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் மிக நல்லது. இதைக் கேள்விப்பட்டு, மூத்த பிள்ளைக்குக் கொடையாளியாக இன்னொரு பிள்ளையைப் பெற்றுக்கொள்ள விரும்பும் பெற்றோர் உண்டு. அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடன்பிறப்பின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்தப் பிள்ளைக்கு நோய் இல்லாமலிருக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. இரண்டும் சேர்ந்து அமையும் வாய்ப்பு 16ல் மூன்று. அதாவது ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அமையாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். அமையாவிட்டாலும் அந்தப் பிள்ளையை அதன் பொருட்டே நேசிக்க முடியுமா என்று பெற்றோர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சுமப்பவராகப் பிறந்த உடன்பிறப்பும் மச்சை கொடுக்கலாம் என்பதையும், ஏற்கனவே இருக்கும் பிள்ளைகளின் பொருத்தத்தை முதலில் பார்த்துவிட வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

மாமன் மகளும் அக்காள் மகளும்

ஒரு வீட்டில் பிள்ளைக்கு நோய் என்றால் அது அந்த வீட்டோடு முடிவதில்லை. தாயின் உடன்பிறந்தவர்களும் தந்தையின் உடன்பிறந்தவர்களும் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. நோயுள்ள பிள்ளையின் நோயற்ற அண்ணன், தங்கை சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு.

நம் முறைக் கல்யாணம் இங்கே கணக்கில் வருகிறது. சுமப்பவரான ஓர் ஆண் வெளியில் பெண் எடுத்தால், அவளும் சுமப்பவளாக இருக்கும் வாய்ப்பு நாட்டுச் சராசரிப்படி 20ல் ஒன்று. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டினால் எட்டில் ஒன்றுக்கும் மேல். அக்காள் மகளைக் கட்டினால் நான்கில் ஒன்றுக்கும் மேல். மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சட்டம் நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடை செய்தாலும், இந்து வழக்கப்படி தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதற்கு விதிவிலக்கு அளித்திருக்கிறது. சட்டம் அனுமதிப்பதை இரத்தம் அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு. முறைப்பெண்ணை விட்டுவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். பரிசம் போடுவதற்கு முன் இருவரும் ஓர் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

சைப்ரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவர் சுமப்பவர். அங்கே 1980களில் இருந்து தேவாலயத் திருமணத்துக்குச் சோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழ் திருமணத்தைத் தடுப்பதில்லை. மணமக்கள் தங்கள் நிலையைத் தெரிந்துகொண்டார்கள் என்பதை மட்டும் உறுதிசெய்கிறது. இருவரும் சுமப்பவர் என்று தெரிந்தும் பெரும்பாலோர் திருமணம் செய்துகொள்கிறார்கள். புதிதாகத் தலசீமியா மேஜருடன் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறத்தாழ இல்லாமலே போனது.

மலேசியாவில் 2016ல் படிவம் 4 மாணவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்துடன் தலசீமியா சோதனை தொடங்கப்பட்டது. அந்த முடிவு மாணவருக்கு மட்டும் உரியதல்ல. பள்ளியில் படிக்கும் மகள் சுமப்பவள் என்று வந்தால், பெற்றோரில் ஒருவராவது சுமப்பவர். அந்தத் தாய் இன்னும் பிள்ளை பெறும் வயதில் இருந்தால், கணவன் மனைவி இருவருமே சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஹீமோஃபிலியாவுக்கு வேறு கணக்கு

அடிபட்டால் இரத்தம் உறையாத ஹீமோஃபிலியாவும் பரம்பரை நோய்தான்; ஆனால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அந்த மரபணு பெரும்பாலும் தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு வருகிறது. தாய் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஒவ்வொரு மகளும் சுமப்பவராகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு நோயாளிக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. இங்கேயும் தாயைப் பழிப்பதில் அர்த்தமில்லை. அவர் கேட்டு வாங்கிய மரபணு இல்லை. இந்நோயுள்ள மகனைப் பெற்றவர்களும் அவர்களின் பெண்பிள்ளைகளும் தனியாக ஆலோசனை பெற வேண்டும்.

கிளினிக்கில் என்ன கேட்பது?

தோட்டத்து மக்கள் கிளினிக்கில் அதிகம் கேட்பதில்லை. நேரமும் இருப்பதில்லை, மொழியும் தடையாகிறது. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம். மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லலாம். கேட்க வேண்டியவை நான்கே. என் பிள்ளைக்கு இருப்பது எந்த வகை? எங்கள் இருவரின் டிஎன்ஏ முடிவும் கோப்பில் இருக்கிறதா, அதன் நகல் கிடைக்குமா? அடுத்த கர்ப்பம் என்றால் எத்தனையாவது வாரத்தில், எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும்? அதுவரை எங்களுக்கு ஏற்ற கருத்தடை எது?

கணவரும் உடன் போக வேண்டும். மனைவியின் இரத்தம் பாதி விடையைத்தான் சொல்லும். ஒரு நாள் கூலி போகிறது என்று கணவர் நின்றுவிட்டால் மறுபாதி தெரியாமலே போகும்.

நோயுள்ள பிள்ளைகளும் ஒரு நாள் பெரியவர்களாகித் திருமணம் செய்வார்கள். பேட்டா தலசீமியா மேஜர் உள்ள ஒருவர், மரபணுப் பழுது இல்லாத துணையை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் எல்லாரும் சுமப்பவர்களாக இருப்பார்கள். ஒருவருக்கும் நோய் வராது. சுமப்பவரை மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களும் பெற்றோரே.

ஆகவே சோதனை முடிவுத் தாளை அலமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை வீடுகளுக்குச் சொல்லுங்கள். பெண் பார்க்கப் போகும் நாளில் சாதகத்தோடு அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.